ஸ்பானிஷ் சொல்லித் தருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் கால் சென்டர் வேலைக்காக ஸ்பானிஷ் படித்தவள் நான். கல்யாணமாகி 2009இல் மலேசியாவின் சுங்கை சிப்புட் வந்தேன். அடுத்த வருஷமே வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர ஆரம்பித்தேன். போன மாதம், என்னைப் போலவே இங்கே வாழ வந்து, புதிதாக டியூஷன் தொடங்கியிருக்கும் ஒரு தங்கையின் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். மேசையைக் குறிக்கும் 'மேசா' (mesa) என்ற சொல்லைப் பலகையில் எழுதினார். பிள்ளைகள் ஆங்கிலப் பழக்கத்தில் "மீசா" என்று வாசித்தார்கள். என் முதல் வகுப்பிலும் இதே "மீசா"தான். நேரத்துக்கு வராதது, வீட்டுப்பாடம் திருத்தாதது எல்லாம் தவறு என்று உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள்.

ஆங்கிலத்தைப் பாலமாக்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இது. ஆங்கில விளக்கம் உள்ள பாடப்புத்தகம் 9 பிள்ளைகளுக்கும் வாங்கினேன். கிட்டத்தட்ட 900 வெள்ளி (ரிங்கிட்). வந்தவர்கள் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள்; வீட்டில் தமிழ், கடையில் மலாய், ஆங்கிலம் பள்ளிப் பாடம் மட்டும். தடுமாறுகிற மொழியைக் கொண்டு புது மொழியைப் புரிய வைக்கப் பார்த்தேன். 3 மாதத்தில் 5 பேர் நின்றுவிட்டார்கள். ஒரு பையனின் அம்மா வந்து, "டீச்சர், அவனுக்கு மண்டையில ஏறல" என்றார். அவன் மண்டையில் எந்தக் குறையும் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது.

அப்புறம் ஒருநாள் மூன்றாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி வாசலில் கழற்றிய பள்ளிச் சப்பாத்தை (ஷூவை) கையில் தூக்கிக் காட்டி, "இதுக்கு என்ன டீச்சர்?" என்றாள். "சபாத்தோ" என்றேன். கண்ணை அகல விரித்து, "சப்பாத்துதானே! மலாய்ல செப்பாத்து!" என்று கத்தினாள். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர்களின் மொழி ஸ்பானிஷுக்கு உடன்பிறப்பு. அந்த மொழிச் சொற்கள் தமிழிலும் மலாயிலும் தங்கிவிட்டன. மேசை, மலாயில் மேஜா, ஸ்பானிஷில் மேசா. ஞாயிறு மலாயில் மிங்கு, ஸ்பானிஷில் தோமிங்கோ. நம் ஞகரம்கூட அங்கே அப்படியே இருக்கிறது. 'நிஞோ' என்றால் சிறுவன். இத்தனையும் பிள்ளையின் வாயில் இருக்கும்போது ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு ஏன் போக வேண்டும்? அந்த வாரமே புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ரகரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

'பெரோ' என்றால் ஆனால். 'பெர்ரோ' என்றால் நாய். முதல் மாதத்திலேயே நாக்கை உருட்டப் பழக்குங்கள். தமிழ்ப்பள்ளியில் கரி, கறி என்று அழுத்திச் சொல்லிக் கொடுத்தது அவர்கள் காதில் இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.

ஸ்பெயின் உச்சரிப்பா, மெக்சிகோ உச்சரிப்பா

ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தேர்வைக் காட்டி ஆள் சேர்ப்பது

பள்ளிப் பிள்ளைகளுக்கான டெலே என்ற ஸ்பானிஷ் சான்றிதழ்த் தேர்வு 11 முதல் 17 வயதுக்காரர்களுக்கு. 7 வயதுப் பிள்ளையின் அப்பாவிடம் சான்றிதழ் ஆசை காட்டாதீர்கள். பிள்ளை பாடட்டும், விளையாடட்டும்.

அனுமதி

நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து இங்கே வாழ வந்தவர்கள் குடிநுழைவுத் துறையிடம் வேலை செய்ய அனுமதி வாங்காமல் ஒரு வெள்ளிகூடக் கட்டணம் வாங்காதீர்கள்.