பழைய வீட்டு மரத்தில் தோட்டத்து பெஞ்சு

இடித்த வீடுகளிலிருந்து வரும் தேக்குச் சட்டங்களும் நிலைகளும் பல ஆண்டுகள் உலர்ந்து இறுகியவை என்பதால், வெயிலிலும் மழையிலும் கிடக்கப்போகும் பெஞ்சுக்கு அவற்றைவிட நல்ல மரம் எளிதில் கிடைக்காது. வாங்கும்போது வைரம் பாய்ந்த, கரும்பழுப்பான பகுதியையே தேர்ந்தெடுங்கள்; ஓரத்தில் வெளுத்திருக்கும் வெளிறுப் பகுதியைக் கரையானும் பூஞ்சையும் விரைவில் பற்றும் என்பதால் அதை அறுத்து நீக்கிவிடுவதே நல்லது.

இழைப்புளி வைப்பதற்கு முன் காந்தம் கொண்டு மரம் முழுவதும் தடவி, உள்ளே முறிந்து நிற்கும் ஆணிகளைத் தேடி எடுக்க வேண்டும். பழைய பெயின்டை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. பெயின்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளின் தூசி குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு செய்யும். சந்தேகம் இருந்தால் பெயின்ட் பூசாத உத்திரங்களையே வாங்குங்கள்.

இருக்கையின் உயரம் 45 செ.மீ. அளவில் இருக்கட்டும். பலகைகளுக்கிடையே 5 மி.மீ. இடைவெளி விட்டால் மழைநீர் தேங்காமல் வடியும். முன்கூட்டியே துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளை முடுக்குங்கள். பழந்தேக்கு கடினமானது, துளையின்றி முடுக்கினால் வெடித்துவிடும். கால்களின் அடிமுனைதான் முதலில் நீரை உறிஞ்சும். அங்கு ஆளிவிதை எண்ணெயை மூன்று நான்கு முறை ஊறவிட்டு, கால்களை மண்ணில் புதைக்காமல் கருங்கல் துண்டுகளின்மேல் நிறுத்துங்கள்.