யார்க் நகரில் ஒரு மனையின் வரலாற்றைத் தேடி எழுதும் முறை

இங்கிலாந்தின் யார்க் நகரில் வீட்டு எண் மாறும், தெருப்பெயர் மாறும், கட்டடத்தை இடித்து வேறு கட்டுவார்கள். மனையின் எல்லை மட்டும் லேசில் மாறாது. காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வு இதற்குச் சான்று: பத்தாம் நூற்றாண்டில், வைக்கிங் ஆட்சியில், வேலி போட்டுப் பிரித்த நீளமான மனைகளின் எல்லைக்கோடுகள் ஏறக்குறைய அதே இடத்திலேயே நம் காலம்வரை வந்திருந்தன. ஆகவே இந்த ஊரில் ஒரு வீட்டின் கதையைத் தேடப் புறப்படுகிறவர் மனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டடத்தைப் பிடித்தால் இருநூறு ஆண்டுக்குள் நூல் அறுந்துவிடும்.

முதல் வேலை, மனை பழைய நகரின் எந்தப் பகுதியில் விழுகிறது என்று பார்ப்பது. கி.பி. 71இல் ஒன்பதாம் லீஜியன் என்ற ரோமப் படைப்பிரிவு அமைத்த ரோமக் கோட்டை ஊஸ் ஆற்றின் வடகிழக்குக் கரையில் சுமார் 20 ஹெக்டேர் பரப்பில் இருந்தது. இன்றைய பீட்டர்கேட்டும் ஸ்டோன்கேட்டும் அதன் இரண்டு பெரிய சாலைகளை ஒட்டியே போகின்றன. மின்ஸ்டர் பேராலயம் கோட்டையின் தலைமையகக் கட்டடத்தின் மேல் நிற்கிறது. ஆற்றின் தென்மேற்கில் மிக்கல்கேட் பக்கம் ரோமக் குடிமக்கள் நகரம். கோட்டைக்கும் ஊஸ், ஃபாஸ் ஆறுகளுக்கும் நடுவே உள்ள காப்பர்கேட், பேவ்மென்ட் பகுதியில் வைக்கிங் கால மண் தடித்துக் கிடக்கிறது. காப்பர்கேட்டில் குவிந்த அடுக்குகள் சில இடங்களில் 9 மீட்டர் ஆழம்வரை இறங்கின. உங்கள் மனை எங்கே என்பதைப் பொறுத்தே எந்தக் காலத்துச் சான்று எவ்வளவு கிடைக்கும் என்பது அமையும். ஒன்றை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: இந்த ஊரில் ‘கேட்’ என்று முடிவது தெரு, ‘பார்’ என்பதுதான் மதில்வாயில். மிக்கல்கேட் வேறு, மிக்கல்கேட் பார் வேறு. ஆவணத்தில் இதைக் குழப்பினால் தவறான மனைக்குப் போய்விடுவீர்கள்.

கண்ணைப் பழக்குதல்

ஆவணத்தைத் தொடும் முன் மியூசியம் கார்டன்ஸில் இருக்கும் பல்கோண கோபுரத்துக்குப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். பத்துப் பக்கம் கொண்ட அந்தக் கோபுரத்தின் கீழ்ப்பகுதி, ஏறத்தாழ 5.8 மீட்டர் உயரம், ரோமர் கட்டியது: கைக்கு அடங்கும் சிறிய சதுரக் கற்கள், நடுவே ஐந்து வரிசைச் செங்கல் ஓடுகளாலான சிவப்புப் பட்டை. அதற்கு மேலே கல் சட்டென்று பெரிதாகிறது, அம்பு எய்யும் துளைகள் வருகின்றன. அது பதின்மூன்றாம் நூற்றாண்டு வேலை. கல்லின் அளவு மாறும் அந்தக் கிடைக்கோட்டைக் கண்ணால் ஒரு முறை பிடித்துவிட்டால் நகரில் மற்ற இடங்களிலும் பழுது பார்த்த சுவரும் பழைய சுவரும் பிரிந்து தெரியும். அங்கிருந்து மதிலின் பின்பக்கமாக ஆங்கிலியன் கோபுரம் வரை நடங்கள். ரோமர் காலம் தொடங்கி இடைக்காலம் வரை மதிலோரத்து மண்மேடு எப்படிப் படிப்படியாக உயர்ந்தது என்று வெட்டித் திறந்து காட்டியிருக்கிறார்கள். தரைமட்டம் என்பது நிலையானதல்ல என்ற பாடம் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது.

ரோமக் கல் தெரிகிறது என்பதால் அது ரோமச் சுவர் ஆகிவிடாது. யார்க்கில் ரோமக் கல்லை ஆயிரம் ஆண்டுகளாக எடுத்து எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். செயின்ட் மேரி பிஷப்ஹில் ஜூனியர் தேவாலயத்தின் கோபுரம் நார்மானியருக்கு முந்தியது. அதிலும் ரோமக் கற்கள் உண்டு. கல்லின் வயதை விட்டுவிட்டு, அதை அடுக்கிய முறையைப் பாருங்கள்.

மனையை அளத்தல்

30 மீட்டர் நாடாவும் துணைக்கு ஒரு ஆளும் போதும். தெருமுகப்பின் அகலத்தை இரண்டு பக்கத்துச் சுவரின் நடுக்கோடு வரை அளந்து எழுதுங்கள். சந்து வழியே பின்னால் போக முடிந்தால் ஆழத்தையும் அளக்கலாம். தனியார் முற்றத்தில் அனுமதி கேட்டே நுழைய வேண்டும்.

முகப்பைப் பார்த்து வயது சொல்லாதீர்கள். யார்க்கில் மிக அதிகம் ஏமாற்றுவது முகப்புதான். பதினெட்டாம் நூற்றாண்டில் மரச்சட்ட வீடுகளுக்குச் செங்கல் முகம் பூசிக்கொள்வது பரவலாக நடந்தது. மூன்று அடையாளம்: நேரான கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் சரிவு அதிகமான கூரை, உள்ளே தாழ்ந்த, ஒரு வீட்டுக்கும் அடுத்ததற்கும் பொருந்தாத மாடி மட்டங்கள், சந்துப்பக்கச் சுவரில் முன்னோக்கி நீளும் உத்திரத்தின் முனை. கூட்ராம்கேட்டில் இருக்கும் லேடி ரோ வரிசை வீடுகளைப் போய்ப் பாருங்கள். 1316இல் ஹோலி டிரினிட்டி தேவாலய வளாகத்தின் ஓரத்தில், பூசைக்கான வாடகை வருமானத்துக்காகக் கட்டியவை. முன்னோக்கி நீளும் மேல்மாடி எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல மாதிரி.

செங்கலைத் தனியாக அளக்காதீர்கள். நான்கு வரிசையின் மொத்த உயரத்தை, சாந்தோடு சேர்த்து அளந்து நான்கால் வகுத்துக்கொள்ளுங்கள். பொதுவாகப் பழைய செங்கல் மெல்லியது, 5 முதல் 6 சென்டிமீட்டர். 1784இல் செங்கல் எண்ணிக்கைக்கு வரி வந்தபின் பெரிய செங்கல் செய்வது லாபமானது. வரி 1850இல் நீங்கியது. ஆனாலும் இடித்தெடுத்த செங்கல்லை வைத்து மறுபடி கட்டுவது வழக்கம் என்பதால் செங்கல் அளவு துணைச்சான்று மட்டுமே.

வரைபடத்தில் பின்னோக்கி நடத்தல்

இன்றைய வரைபடத்தில் தொடங்கிப் பின்னால் போங்கள். முதலில் பழையதை எடுத்து முன்னால் வந்தால் மனதுக்குப் பிடித்த மனையில் போய் ஒட்டிக்கொள்வோம்.

முதுகெலும்பாக இருப்பது பிரிட்டனின் அரசு வரைபட அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1852 நகர வரைபடம். மைலுக்கு ஐந்தடி, அதாவது 1:1056. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தாளில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 10.56 மீட்டர், நீங்கள் அளந்த 6 மீட்டர் முகப்பு தாளில் 5.7 மில்லிமீட்டர் வரும். முற்றம், நீர்ப்பம்பு, சந்து எல்லாம் போட்டிருப்பார்கள். உங்கள் அளவும் வரைபட அளவும் அரை மீட்டருக்குள் ஒத்தால் எல்லை மாறவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் அளவு வரைபட அளவைப் போலச் சரியாக இரண்டு மடங்கு வந்தால் இரண்டு மனை ஒன்றாகியிருக்கிறது. ஒன்றரை மடங்கு வந்தால் பக்கத்து மனையை வெட்டிச் சேர்த்திருக்கிறார்கள். அப்போது பக்கத்து மனையின் ஆவணத்தையும் தேட வேண்டும்.

ஒன்றுமே பொருந்தாவிட்டால் புதிதாக வெட்டிய தெருவைச் சந்தேகியுங்கள். பார்லிமென்ட் தெரு 1830களில் வந்தது, கிளிஃபர்ட் தெரு 1881இல், டீன்கேட் 1903இல், ஸ்டோன்போ 1955இல். இவை பழைய மனைகளைக் குறுக்கே அறுத்துப் போனவை. இந்தத் தெருக்களில் இன்றைய முகப்பு பழைய மனையின் முதுகாகக்கூட இருக்கும்.

ஜான் ஸ்பீடின் 1610 வரைபடம் தெருக்களின் போக்குக்கு நம்பகமானது. அதில் வரைந்த வீடுகளை எண்ணக் கூடாது. அவை நிரப்புவதற்குப் போட்ட படங்கள்.

ஆவணங்கள்

நகராட்சியின் பழைய ஆவணங்கள் மியூசியம் தெருவில் உள்ள யார்க் எக்ஸ்ப்ளோர் நூலகத்தில் இருக்கின்றன. உயில்களுக்கும் திருச்சபைப் பதிவேடுகளுக்கும் யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் ஆவணக்காப்பகம். பேராலயத்தின் நிலங்கள் மின்ஸ்டர் நூலகத்தில். முன்கூட்டியே எழுதி, வேண்டிய கோப்பு எண்களைக் குறிப்பிட்டு நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். பென்சில் மட்டும்தான் அனுமதி.

மனையை நோக்கித் தேடுகிறவருக்கு மிகச் சிறந்த நடுப்புள்ளி 1910 நிதிச் சட்டத்துக்காக எடுத்த நில மதிப்பீடு. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் அதன் கள ஏடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மனைக்கும் எண் கொடுத்து வரைபடத்தில் குறித்து, உரிமையாளர், குடியிருப்பவர், கட்டடத்தின் நிலை எல்லாம் எழுதியிருப்பார்கள். இங்கிருந்து உரிமையாளர் பெயரைப் பிடித்துப் பின்னால் போகலாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1841 முதல் 1921 வரை பார்க்கக் கிடைக்கிறது. 1931 ஏடுகள் தீயில் போயின, 1941இல் கணக்கெடுப்பே இல்லை. இடைவெளிக்கு, போர் தொடங்கியபோது மக்களைப் பதிந்த 1939 பதிவேடு உதவும். வீட்டு எண்ணை நம்பாதீர்கள். கணக்கெடுப்பவர் தெருவில் நடந்த வரிசையைப் பின்பற்றி, மதுக்கடை, தேவாலயம், சந்துமுனை ஆகியவற்றை நங்கூரமாக வைத்து உங்கள் மனை எத்தனையாவது என்று எண்ணுங்கள்.

பத்திரத்தில்தான் பலரும் தடுக்கி விழுவார்கள். யார்க்‌ஷயரின் ‘ரைடிங்’ எனப்பட்ட மூன்று பழைய நிர்வாகப் பிரிவுகளுக்கும் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே பத்திரப் பதிவகம் உண்டு. ஆனால் யார்க் நகரம் அவற்றில் சேராது. அங்கே போய்த் தேடி நாளை வீணாக்க வேண்டாம். 1925 சொத்துச் சட்டத்துக்குப் பிறகு பழைய பத்திரங்களை வைத்திருக்கும் அவசியம் குறைந்ததால் நிறைய அழிந்தும் போயிற்று. ஈடாக யார்க்குக்கு ஒரு நல்வாய்ப்பு: மையப்பகுதியில் பெரும்பாலான நிலம் நகராட்சி, பேராலயம், 1252இல் பெடர்ன் என்ற இடத்தில் கல்லூரி கண்ட விகார்ஸ் கோரல் (பேராலயத்தில் வழிபாட்டுப் பாடல் பாடும் குருமார் குழு) போன்ற நிறுவனங்களிடம் இருந்தது. நிறுவனம் சாகாது, வாடகைக் கணக்கை எறியாது. வாடகைச் சுருளில் ஒரே தொகை, ஒரே வரிசை இடத்தில் ஆண்டுக்கு ஆண்டு வந்தால் குத்தகைதாரர் பெயர் மாறினாலும் அதே மனைதான்.

இறந்தவரின் உடைமைப் பட்டியல் கிடைத்தால் அறை அறையாக வீட்டுக்குள் நடக்கலாம்: கூடம், கடை, பெரிய அறை, மாடம். அறைகளை எண்ணிக் கட்டடத்தோடு ஒப்பிடும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: பொருள் இல்லாத அறையைப் பட்டியலில் எழுத மாட்டார்கள். ஆறு அறை என்றால் குறைந்தது ஆறு.

தேதியில் ஒரு பொறி உண்டு. 1752க்கு முன் சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. 10 பிப்ரவரி 1690 என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1691. இரண்டையும் சேர்த்து 1690/1 என்று குறியுங்கள். 1733 வரை நீதிமன்றப் பதிவுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். உயில்கள் அநேகமாக ஆங்கிலம்தான்.

அகழாய்வு அறிக்கையைப் படித்தல்

நகராட்சி தன் எல்லைக்குள் உள்ள தொல்லியல் தகவல்களைத் தொகுத்து வைத்திருக்கும் வரலாற்றுச் சூழல் பதிவேட்டில் தொடங்குங்கள். ஹெரிட்டேஜ் கேட்வே தளம் வழியாகத் தேடலாம். அச்சேறாத அறிக்கைகள் பல ஆர்க்கியாலஜி டேட்டா சர்வீஸ் தளத்தில் இலவசம். மனையைச் சுற்றி 50 மீட்டர் வட்டத்தில் நடந்த எல்லா வேலைகளையும் எடுத்துவிடுங்கள்.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது கண்டெடுத்த பொருள் பட்டியலை அல்ல, குழியின் அடிமட்டத்தை. யார்க்கில் தொண்ணூறுகளிலிருந்து, புதுக் கட்டடத்தால் மண்ணடுக்கில் 5 சதவீதத்துக்கு மேல் சேதமாகக் கூடாது என்ற கொள்கை நடைமுறையில் இருந்தது. அதனால் அடித்தளத்துக்குத் தேவையான ஆழத்தோடு தோண்டுவதை நிறுத்திவிடுவார்கள். ‘ரோமர் கால எச்சம் கிடைக்கவில்லை’ என்ற வரிக்கு, பெரும்பாலும் ‘அந்த ஆழத்துக்குப் போகவில்லை’ என்றே பொருள். இதைக் கவனிக்காமல் ‘இங்கே ரோமர் வாழவில்லை’ என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

ஆழத்தைத் தெருவிலிருந்து கணக்கிடாதீர்கள். அறிக்கைகள் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்றே உயரத்தைச் சொல்லும். ஒரு மாதிரிக் கணக்கு: தெரு 15.0, குழியின் அடி 13.6 என்றால் தோண்டியது 1.4 மீட்டர். பக்கத்து மனையில் ரோமத் தளம் 11.2இல் கிடைத்திருந்தால், உங்கள் குழி அதைத் தொட இன்னும் 2.4 மீட்டர் போக வேண்டியிருந்தது. எல்லாக் குழிகளையும் இப்படி ஒரே கடல்மட்டக் கணக்குக்குக் கொண்டுவந்து ஒரு கிராஃப் தாளில் வரைந்தால் மனையின் கீழ் என்ன இருக்கக்கூடும் என்பது தெரியத் தொடங்கும். நிலவறை இருக்கும் முன்பகுதியில் இடைக்கால மண்ணும் வைக்கிங் மண்ணும் வெட்டிப் போயிருக்கும். பின்முற்றத்தில் அவை பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

பானையோட்டை வைத்துக் காலம் சொல்லும்போது, அடுக்கில் கிடைத்த கடைசிக் காலத்து ஓடுதான் கணக்கு. யார்க்கில் எல்லாக் காலத்திலும் கழிவுக்குழி தோண்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு குழியும் கீழே இருந்த பழைய ஓட்டை மேலே கொண்டுவந்து போட்டது. நூறு ரோம ஓட்டோடு ஒரு பதினான்காம் நூற்றாண்டு ஓடு கலந்திருந்தால், மேலிருந்து பிற்பாடு விழுந்ததல்ல என்று உறுதியானால், அது பதினான்காம் நூற்றாண்டுக் குழிதான்.

தொடக்கூடாதவை

1979 தொல்லியல் சட்டப்படி யார்க்கின் மையம் தொல்லியல் முக்கியத்துவப் பகுதி. இங்கிலாந்தில் இப்படி அறிவித்தவை ஐந்தே நகரங்கள். அங்கே, மரபிடங்களைக் காக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் எழுத்து அனுமதியின்றி உலோகம் கண்டறியும் கருவியைப் பயன்படுத்துவது குற்றம். அடித்தளம் தோண்டுகிறவர் ஆறு வாரம் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பாதுகாக்க வேண்டியது என்று அரசு பட்டியலிட்ட கட்டடத்தில், பின்னால் உத்திரம் இருக்கிறதா என்று பார்க்கச் சாந்தைச் சுரண்டினாலும் சட்டச் சிக்கல் வரும். தோட்ட வேலையில் தற்செயலாக ஏதாவது கிடைத்தால், இடத்தைப் பத்து இலக்க கட்டக் குறியீட்டோடு (வரைபடக் கட்டங்களில் இடத்தைக் குறிக்கும் எண்) எழுதி, தற்செயலாகக் கிடைத்த பொருள்களைப் பதியும் பகுதிக்கான கண்டெடுப்புத் தொடர்பு அலுவலரிடம் காட்டுங்கள். புதையல் என்று நினைக்கக் காரணம் இருந்தால் 14 நாளுக்குள் மரண விசாரணை அதிகாரிக்குத் தெரிவிப்பது கட்டாயம். ஈர மண்ணில் வந்த மரத்தையும் தோலையும் உலர விடவே கூடாது. காற்றுப் புகாத ஈரம்தான் அவற்றை இத்தனை காலம் காத்தது, வெயிலில் வைத்தால் ஓரிரு நாளில் சுருங்கிப் பிளந்துவிடும். அதே ஈரத்தோடு பையில் போட்டு, இருட்டான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். உலோகத்தைக் கழுவ வேண்டாம்.

எழுதி வைத்தல்

காலவரிசையில் ஒரு அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஆண்டு, நிகழ்வு, எங்கே பார்த்தது, பிறகு ஓர் எழுத்து: நேரில் பார்த்ததற்கு ‘பா’, ஆவணத்தில் இருப்பதற்கு ‘ஆ’, நீங்கள் ஊகித்ததற்கு ‘ஊ’. ஊகத்தை ஊகம் என்று குறிக்காமல் விட்டால் அடுத்து வருபவர் அதைச் சான்றாக எடுத்து மேலே கட்டிவிடுவார். யார்க்கில் பல வீடுகளுக்கு ஒட்டிக்கொண்ட தப்பான வயது இப்படி வந்ததுதான். முகப்பு அளவு, 1852 வரைபடத்திலிருந்து எடுத்த எல்லைக்கோடு, கட்டக் குறியீடு மூன்றையும் முதல் பக்கத்திலேயே வைத்து, ஒரு பிரதியை நகராட்சியின் வரலாற்றுச் சூழல் பதிவேட்டுக்கு அனுப்புங்கள். மனையில் அடுத்த முறை யாராவது கட்ட விண்ணப்பித்தால் அலுவலர்கள் முதலில் திறப்பது அந்தப் பதிவேட்டைத்தான்.