உங்கள் பெயரில் யாரோ கடன் வாங்கியிருந்தால்

வாங்காத கடனுக்குத் தவணை கேட்டு போன் வந்தால், தொல்லை விட்டால் போதும் என்று ஒரு தவணையைக்கூடக் கட்டாதீர்கள். கட்டினால், கடன் உங்களுடையதுதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகப் பேசுவார்கள். பேரம் பேசி முடித்தாலும், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கடன் அறிக்கையில் 'செட்டில்டு' (முழுத் தொகையும் கட்டாமல் முடித்த கடன்) என்று ஏறும்; நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அது வந்து மறிக்கும்.

கணக்கிலிருந்து பணமும் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். பிறகு கடன் அறிக்கை. அதைத் தரும் நிறுவனங்களில் சிபில் மட்டும் பார்த்தால் போதாது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று உண்டு. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் குழுக் கடனுக்காக ஆதார் நகல் கொடுத்த பெண்கள் கிரிஃப் ஹை மார்க்கை விட்டுவிடக் கூடாது. நுண்கடன் விவரங்களை நெடுநாளாகச் சேர்த்துவரும் நிறுவனம் அது.

ஸ்கோரைப் பிறகு பார்க்கலாம். முதலில் முகவரி, கைபேசி எண் பகுதி. மதுரை செல்லூரில் குடியிருப்பவரின் அறிக்கையில் வேறு மாவட்ட முகவரியோ தெரியாத எண்ணோ இருந்தால் அதுதான் தடயம். அடுத்து 'என்கொயரி' பட்டியல். நீங்கள் கேட்காத கடனுக்கு யாராவது உங்கள் அறிக்கையைப் பார்த்திருந்தால் அந்த நிறுவனத்துக்கு அன்றைக்கே எழுதுங்கள். பணம் கைமாறும் முன்பே நிறுத்த வாய்ப்பு இருப்பது இந்தக் கட்டத்தில்தான்.

பலரும் சிபிலுக்கு மட்டும் புகார் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். கடன் கொடுத்த நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் சிபிலால் ஒரு வரியையும் மாற்ற முடியாது. அதனால் இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் புகார் போக வேண்டும். கடன் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இப்படி எழுதலாம்:

"கணக்கு எண் ... கொண்ட கடனை நான் விண்ணப்பிக்கவில்லை, பணமும் பெறவில்லை. விண்ணப்பம், கேஒய்சி (அடையாள, முகவரி) ஆவணங்கள், ஒப்பந்தம், ஓடிபி அனுப்பிய கைபேசி எண், பணம் செலுத்திய வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் நகல் தரவும். விசாரணை முடியும்வரை வசூல் அழைப்புகளை நிறுத்தவும்."

கடைசியாகக் கேட்ட வங்கிக் கணக்கு விவரம்தான் வலுவான ஆதாரம். பணம் உங்கள் கணக்குக்கு வரவில்லை என்பதை அதுவே காட்டிவிடும். கடிதத்தைக் கிளையில் நேரில் கொடுத்தால், உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்கிறது ரிசர்வ் வங்கி விதி. தேதி இல்லாமல் அதைக் கேட்க முடியாது. 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448. "ஸ்கோரைச் சரிசெய்து தருகிறோம்" என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். ஸ்டேஷனுக்குப் போனால் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்குங்கள். மாநகர எல்லையா, திருமங்கலம் மேலூர் போல மாவட்ட எல்லையா என்று அலைக்கழித்தால், எல்லை பார்க்காமல் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இனி ஓட்டையை அடைக்க வேண்டும். ஆதார் ஆணையத்தின் செயலியில் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவு) பூட்டலாம். பூட்டினால் ரேஷன் கடையில் கைரேகை ஏறாது. போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளுங்கள். ஆனால் இந்தப் பூட்டு ஓடிபி வழியைத் தடுக்காது. அதனால் ஆதாரில் இணைந்திருக்கும் எண் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறதா, உங்கள் பெயரில் தெரியாத சிம் ஓடுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சிம் விவரம் சஞ்சார் சாத்தி தளத்தில் தெரியும். அங்கேயே புகாரும் செய்யலாம். ஜெராக்ஸ் கொடுக்க நேர்ந்தால் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். நகலின் குறுக்கே எதற்காக, யாருக்கு, எந்தத் தேதி என்று பேனாவால் எழுதுங்கள்.

அறிக்கையிலிருந்து அந்தக் கடன் பதிவு நீங்கியதும் கடன் நிறுவனத்திடம் "இந்தக் கடன் இவருடையதல்ல" என்று கடிதம் வாங்கி வைத்திருங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து அறிக்கையை மறுபடி எடுத்துப் பாருங்கள். வராக்கடன்களை வேறு நிறுவனத்துக்கு விற்பது வழக்கம் என்பதால், நீங்கிய பதிவு புதுப் பெயரில் திரும்பவும் வரலாம். அப்படி வந்தால் புது நிறுவனத்துக்கு அந்தக் கடிதத்தின் நகலை அனுப்பி, நீக்கச் சொல்லி அன்றே எழுதுங்கள்.