லேப்டாப் மூடியில் கீறலா? தின்னரைத் தொடாதீர்கள்

லேப்டாப் மூடியில் தெரியும் கோடுகளில் பல கீறலே அல்ல. பையின் ஜிப்பு, சாவிக்கொத்து, வெள்ளையடித்த சுவர் இவற்றில் உரசும்போது அவற்றின் துகள் பெயிண்ட் மேல் அப்பிக்கொள்கிறது. லேப்டாப்பை அணைத்து, ஈரத்துணியால் துடைத்து, பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்தால் போய்விடும். இதைக்கூடப் பார்க்காமல் நேராக ரிப்பேரில் இறங்குவதுதான் முதல் தவறு.

போகாத கோட்டின் மேல் ஈர விரலை வைத்துப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை கோடு மறைந்தால், கீறல் விழுந்தது மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் பூச்சில் மட்டும்தான். மறையாமல் நகமும் மாட்டினால் ஆழம் அதிகம். அடியிலிருந்து வேறு நிறத்தில் பிளாஸ்டிக்கே தெரிந்தால், எதைப் போட்டுத் தேய்த்தும் பயனில்லை. பெயிண்ட்தான் வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் போய்விடும் என்பதும் இந்த ஈர விரல் கதைதான். எண்ணெய் பள்ளத்தை நிரப்பிக் கொஞ்ச நேரம் மறைக்கும், அப்புறம் தூசி பிடிக்கும். பிறகு டச்-அப் செய்ய, அதாவது அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் வைக்கப் போனால் அதுவும் ஒட்டாது.

நெயில் பாலிஷ் ரிமூவர், பெயிண்ட் கடைத் தின்னர் இரண்டும் வேண்டவே வேண்டாம். லேப்டாப்பின் பிளாஸ்டிக் உடல் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக், அல்லது அதோடு பாலிகார்பனேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக் கலந்தது. இவற்றில் பெரும்பாலும் இருக்கும் அசிட்டோன் பட்டால் ஏபிஎஸ் கரையும். கறை போகிறதே என்று தேய்த்துக்கொண்டிருப்பீர்கள், போவது மூடி.

டூத்பேஸ்ட் வைத்தியம் ஊரெங்கும் பிரபலம். அதில் இருப்பதும் தேய்க்கும் பொடிதான். பளபளப்பான மூடியில் மேலோட்டமான கோட்டுக்கு வண்டிக்குப் போடும் மெருகுப் பசையான ஃபைன் ரப்பிங் காம்பவுண்டை, கையால், அந்த இடத்தில் மட்டும் போட்டால் அதைவிட நன்றாக வரும். மூடி பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் என்றால் இரண்டுமே கூடாது. தேய்த்த இடம் மட்டும் திட்டாக மினுங்கும், அதைத் திரும்ப மங்கலாக்க வழியில்லை. கீறலே தேவலை என்று ஆகிவிடும்.

சேலத்துக்காரர்களுக்கு இன்னொரு சபலம் வரலாம்: வெள்ளிக் கொலுசுப் பட்டறை பாலிஷ் மோட்டாரில் ஒரு தடவை காட்டினால் என்ன? வெள்ளி உருக 961 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஏபிஎஸ் 100 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். சுற்றும் சக்கரத்தின் உராய்வுச் சூட்டில் பெயிண்ட் சுருண்டு பிளாஸ்டிக் இழுபடும்.

பிளாஸ்டிக் தெரியும் ஆழக் கீறலுக்கு டச்-அப் பெயிண்டைப் பிரஷ்ஷால் இழுக்காதீர்கள். பல்குத்தும் குச்சி நுனியால் பள்ளத்துக்குள் மட்டும் துளித்துளியாக வைத்து, காயவிட்டு, மறுபடி வையுங்கள். சில்வர் நிறத்தில் எப்படிச் செய்தாலும் கொஞ்சம் தெரியும். அதிலுள்ள அலுமினியச் செதில்கள் ஸ்ப்ரேயில் படிவது ஒரு மாதிரி, குச்சியில் படிவது வேறு மாதிரி. கடைக்காரர் சரியான ஷேட் கொடுத்தும் திட்டாகத் தெரிய இதுதான் காரணம்.

முழு மூடிக்கும் ஸ்ப்ரே அடிப்பவர்கள் இடத்தையும் நேரத்தையும் பார்ப்பதில்லை. சித்திரை மாத மத்தியானம் சேலத்து மொட்டை மாடியில் அடித்தால், துளிகள் காற்றிலேயே பாதி காய்ந்து மூடியில் மணல் மணலாகப் படியும். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் தொல்லை நேர் எதிர். பெயிண்டில் கலந்திருக்கும் தின்னர் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிரும். மூடுபனியின் ஈரம் அதில் படிந்து பூச்சு பால் நிறமாக வெளுத்துவிடும். சேலத்தில் என்றால் காலையில், ஏற்காட்டில் என்றால் நன்றாக வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். ஒரே தடவையில் கனமாக அடித்தால் வழியும், ஆகவே மெல்லிய பூச்சாக இடைவெளி விட்டு. காற்றுத் துளை, கீல், போர்ட் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு அடிப்பதுதான் முறை. வைஃபை ஆன்டெனா பெரும்பாலும் திரையைச் சுற்றியே இருப்பதால், அந்தப் பக்கம் உலோகத்தூள் பெயிண்டைத் தடிமனாக ஏற்றாதீர்கள்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அன்றைக்கே பையில் திணித்தால் பையின் நெசவு அப்படியே மூடியில் பதியும். ஒரு வாரமாவது விடுங்கள். ஸ்டிக்கர் ஒட்டும் எண்ணமிருந்தால் பெயிண்டே அடிக்க வேண்டாம். கீறலின் மேலேயே ஒட்டிவிடலாம்.