லேப்டாப் ஸ்பீக்கரின் தகர டப்பா சத்தம் போன கதை

என் லேப்டாப்பில் பாட்டுப் போட்டால் தகர டப்பாவுக்குள் யாரோ பாடுவதுபோல இருக்கும். தவில் வந்தால் கீபோர்டே கிர்ரென்று அதிரும். உபுண்டு லினக்ஸில் ஈஸிஎஃபெக்ட்ஸ் என்ற, ஒலியைத் திருத்தும் மென்பொருளை நிறுவினேன் (லினக்ஸில் ஒலியைக் கையாளும் பைப்வயர் இருந்தால்தான் ஓடும்).

முதலில் எல்லாரும் செய்கிற தப்பைத்தான் செய்தேன்: ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில், ஆழமான தொனியான 60 ஹெர்ட்ஸைத் தூக்கி வைத்தேன். அதிர்வு இன்னும் மோசமானது. இத்தனூண்டு ஸ்பீக்கரால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. வீணாகத் துடித்து மற்ற ஒலியையும் கெடுக்கும். பிறகு ஆழமான தொனியைத் தடுத்து மேலே உள்ளதை மட்டும் விடும் ஹைபாஸ் ஃபில்டர் வைத்து 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன். கிர்ர் நின்றது. காதைக் குத்திய 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 4 டெசிபல் இறக்கினேன்.

எனக்குப் பிடித்தது பேஸ் என்ஹான்சர். அது அடித்தொனியின் இரண்டு, மூன்று மடங்கு அதிர்வெண்களான ஹார்மானிக்ஸை மேலே சேர்க்கிறது. இல்லாத அடித்தொனியை மூளையே கற்பனையாக நிரப்பிக்கொள்கிறது. ஏமாற்று வேலைதான், ஆனால் தவில் தவிலாகக் கேட்கிறது. கடைசியில் ஒரு லிமிட்டர், சத்தம் கூடும்போது கரகரக்காமல் இருக்க.

ஹெட்போனுக்கு இதெல்லாம் வேண்டாம். அது தெரியாமல் ஒரு வாரம் அப்படியே கேட்டேன். சேமித்துவைத்த அமைப்பை (ப்ரீசெட்) கருவிக்கு ஏற்பத் தானாக மாற்றும் ப்ரீசெட் ஆட்டோலோடிங்கில் ஸ்பீக்கருக்கு ஒன்று, ஹெட்போனுக்கு எஃபெக்ட் எதுவும் இல்லாத வெறும் ப்ரீசெட் ஒன்று என்று பிரித்த பிறகு தொல்லை விட்டது.