கடிதத்தில் இல்லாத விவரம்

அம்மாவுக்கு இரண்டு கைகளிலும் விரல் முட்டிகள் வீங்கின. காலையில் ஒரு மணி நேரம் போனால்தான் டம்ளரைப் பிடிக்க முடியும். யூரிக் அமிலம் சரி, முடக்குவாதம் என்ற மூட்டு நோய்க்குப் பார்க்கும் ருமாட்டாய்டு ஃபேக்டர் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ். தேய்மானம் என்று எலும்பு மருத்துவரிடம் அனுப்பினார்கள். எக்ஸ்ரே, வலி மாத்திரை, மறுபடியும் அதே கதை. ஒருவழியாக மூட்டுவாத நிபுணருக்குக் கடிதம் கிடைத்தது. தேதியோ பல மாதம் தள்ளி. பினாங்கில் இருந்துகொண்டே இப்படி!

கடிதத்தைப் பிரித்துப் பார்த்தால் 'மூட்டு வலி' என்று மட்டும் இருந்தது. யாருக்கு அவசரம் என்று பிரிப்பதே அதை வைத்துத்தான்.

இன்னொரு சிக்கல்: மதியத்துக்குள் வீக்கம் வடிந்துவிடும், மருத்துவர் பார்க்கும்போது கை சாதாரணமாகத் தெரியும். அதனால் விடியற்காலையிலேயே கைகளைப் படம் எடுத்தேன். தனியார் லேப்பில் முடக்குவாதத்துக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஆன்டி-சிசிபி பார்த்தோம், பாசிட்டிவ். ஃபேக்டர் நெகட்டிவாக இருந்தாலும் முடக்குவாதம் இருக்கலாமாம்.

அப்புறம் 1 ரிங்கிட் கட்டி அரசாங்க கிளினிக்கில் புதுக் கடிதம் கேட்டோம்: எந்தெந்த முட்டி, காலை இறுக்கம் எவ்வளவு நேரம், அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகள், ஆன்டி-சிசிபி எல்லாம் எழுதி. படத்தையும் இணைத்தோம். தேதி முன்னால் வந்துவிட்டது. அப்பாடா.