தொடக்க வகுப்பில் வாசிப்பையும் எழுத்தையும் மதிப்பிடுவது எப்படி? புதிய ஆசிரியர்களுக்கான செய்முறை

நான் மூன்றாம் வகுப்பெடுத்த முதல் ஆண்டில் ஒரு சிறுவன் தமிழ்ப் பாடநூலைத் தடையின்றி வாசித்துக்கொண்டிருந்தான். அருகில் போய்ப் பார்த்தால் அவன் கையிலிருந்த பக்கத்தின் கீழ்மூலை கிழிந்துபோயிருந்தது. கிழிந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய இரண்டு சொற்களையும் சேர்த்தே அவன் 'வாசித்து' முடித்திருந்தான். அவனுக்கு நான் போட்டிருந்த மதிப்பெண் வாசிப்புக்கு உரியதன்று, நினைவாற்றலுக்கு உரியது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அதன் பிறகு நான் கடைப்பிடித்துவரும் முறையைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம். சில தாள்கள், ஒரு பென்சில், நொடி காட்டும் கடிகாரம் இருந்தால் போதும்.

படி 1: நிலையும் காரணமும் வேறு என்பதை மனத்தில் கொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கி, பின்னர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. 2005 முதல் ஊரகக் குழந்தைகளின் வாசிப்பை வீடு வீடாகச் சென்று சோதித்துவரும் அசர் ஆய்வும் எழுத்து, சொல், எளிய பத்தி, கதை என்று ஏணிப்படிகளையே வைத்திருக்கிறது. இந்த நிலைகள் பயனுள்ளவை. ஆனால் ஒரு குழந்தை மொட்டு நிலையில் நிற்கிறது என்பதைச் சொல்லும் பதிவேடு, அது ஏன் அங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாது. மறுநாள் காலை வகுப்பில் எதைக் கற்பிப்பது என்பதை முடிவு செய்ய நமக்குக் காரணமே வேண்டும். ஆகவே இங்கே சொல்லப்போகும் முறை மதிப்பெண் போடுவதற்கானதன்று; பிழையின் வகையைக் கண்டுபிடிப்பதற்கானது.

படி 2: வாசிப்புத் தாளை நீங்களே எழுதுங்கள்

பாடநூல் பத்தியைப் பயன்படுத்தாதீர்கள்; அது குழந்தைக்கு மனப்பாடமாகியிருக்கக்கூடும். புதிய பத்தி ஒன்றை எழுதிப் பெரிய எழுத்தில், வரிகளுக்கிடையே நல்ல இடைவெளி விட்டு இரண்டு படிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று குழந்தைக்கு, மற்றொன்று உங்கள் குறிப்புகளுக்கு. மூன்றாம் வகுப்புக்கு நான் பயன்படுத்தும் பத்தி இது:

மழை விட்டதும் கமலா வெளியே வந்தாள். முற்றத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. அதில் ஒரு சிறிய தவளை குதித்துக் குதித்து விளையாடியது. கமலா காகிதத்தில் படகு செய்து தண்ணீரில் விட்டாள். தவளை தாவிப் படகின் மேல் அமர்ந்தது. உடனே படகு கவிழ்ந்தது.

சரியாக முப்பது சொற்கள். குறில் நெடில், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ல ள ழ, இரட்டிக்கும் மெய் எல்லாம் ஓரிடத்திலாவது வருமாறு பார்த்துக்கொண்டேன். இதை வாசிக்க இயலாத குழந்தைக்குக் கொடுப்பதற்காக, பத்துச் சொற்கள் கொண்ட ஒரு தாளையும் வரிசை மாற்றி எழுதிய உயிர்மெய் எழுத்துகள் கொண்ட மற்றொரு தாளையும் தனியே வைத்திருங்கள். வரிசை மாற்றுவது முக்கியம். க, கா, கி, கீ என்று அடுக்கினால் மறுபடியும் பாட்டாகவே வரும்.

படி 3: ஒவ்வொரு குழந்தையாக உட்காரவைத்துக் கேளுங்கள்

வகுப்பு முழுவதும் கோரஸாக வாசிக்கும்போது யார் வாசிக்கிறார், யார் உதட்டை மட்டும் அசைக்கிறார் என்று எவராலும் சொல்ல முடியாது. ஒரு குழந்தைக்கு நான்கு நிமிடம் போதும். முப்பது பேர் என்றால் மொத்தம் இரண்டு மணி நேரம். நாளொன்றுக்கு மூவர் வீதம் பத்துப் பள்ளி நாள்களில் முடிந்துவிடும். ஈராசிரியர் பள்ளியில் மூன்று வகுப்புகளை ஒன்றாக வைத்துக்கொண்டு இதைச் செய்வது எளிதன்று என்பதை அறிவேன். மற்றவர்கள் படம் வரையும் அல்லது எழுதும் பாடவேளையில், வகுப்பறையின் மூலையிலோ தாழ்வாரத்திலோ, எல்லாரும் கண்ணில் படும்படி அமர்ந்தால் சமாளிக்கலாம். 'டெஸ்ட்' என்ற சொல்லை மட்டும் வாயிலிருந்து விடாதீர்கள். "எனக்கு ஒரு கதை வாசிச்சுக் காட்டுறியா, கண்ணு?" என்று கேட்டாலே குழந்தையின் தோள் தளர்ந்துவிடும்.

படி 4: காதில் விழுவதை அப்படியே குறியுங்கள்

இந்த முறையின் உயிர்நாடி இதுதான். குழந்தை வாசிக்கும்போது குறுக்கிடக் கூடாது, திருத்தக் கூடாது. உங்கள் படியில் சரியாக வாசித்த சொல்லை அப்படியே விட்டுவிடுங்கள். தவறாக வாசித்தால் அந்தச் சொல்லின் மேல், குழந்தை சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். விட்டுவிட்ட சொல்லைச் சுழியுங்கள். தானாகவே திருத்திக்கொண்டால் 'தி' என்று எழுதுங்கள். அதைப் பிழையாக எண்ண வேண்டாம், நல்ல அறிகுறியாகவே கொள்ள வேண்டும். ஒரு சொல்லில் நின்றுவிட்டால் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு, அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்து 'ஆ' என்று குறியுங்கள். அது பிழைக் கணக்கில் சேரும். நியூசிலாந்தைச் சேர்ந்த கல்வியாளர் மேரி கிளே உருவாக்கிய ஓடும் பதிவு முறையின் சுருக்கமே இது. அந்த முறைப்படி நூறு சொற்களில் 95 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால் அந்தப் பத்தி குழந்தைக்கு எளிது. 90 முதல் 94 வரை என்றால் ஆசிரியர் துணையோடு கற்பதற்கு ஏற்றது. 90க்குக் கீழே என்றால் கடினம்.

ஒரு சிறுமி மேற்கண்ட பத்தியை வாசித்ததை அப்படியே தருகிறேன். 'வந்தாள்' என்பதை 'வந்தா' என்றாள். 'தேங்கி' என்பதைத் 'தெங்கி' என்றாள். 'தவளை' அவள் வாயில் 'தவல' ஆயிற்று. 'காகிதத்தில்' என்பதைக் 'காகத்தில்' என்று வாசித்துவிட்டு நிற்காமல் போய்விட்டாள். 'அமர்ந்தது' என்ற சொல்லுக்கு வந்ததும் ஒரு கணம் பார்த்துவிட்டு 'ஒக்காந்துச்சு' என்றாள். 'கவிழ்ந்தது' என்ற சொல்லில் நின்றுபோனாள், நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இதில் எத்தனை பிழைகள்? ஆறு என்று எண்ணுபவர்கள் உண்டு. என் கணக்கில் மூன்றுதான். 'வந்தா' என்பதும் 'தவல' என்பதும் அவள் வீட்டில் பேசும் தமிழ். கண் எழுத்தைச் சரியாகவே பார்த்திருக்கிறது, நாக்கு பழகிய வழியில் போயிருக்கிறது. 'ஒக்காந்துச்சு' இன்னும் ஒரு படி மேல்: பார்த்த சொல்லின் பொருளைப் பிடித்துத் தன் மொழியில் மாற்றிச் சொல்லியிருக்கிறாள். இப்படிப்பட்டவற்றுக்கு 'பே' என்று குறித்து, பிழையிலிருந்து நீக்கிவிடுவேன். கவலைக்குரியது 'காகத்தில்' என்பதே. தொடக்க எழுத்தையும் முடிவையும் பார்த்து நடுப்பகுதியை ஊகித்திருக்கிறாள். காகத்தில் எப்படிப் படகு செய்வது என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. நீண்ட சொற்களைப் பிரித்து வாசிக்கப் பழக்க வேண்டும் என்பது ஒன்று, வாசிக்கும்போது பொருள் பொருந்துகிறதா என்று கேட்டுக்கொள்ளப் பழக்க வேண்டும் என்பது மற்றொன்று. 'தெங்கி' இரட்டைக் கொம்பு இன்னும் உறுதிப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. அதற்குக் கெ, கே வரும் இணைச்சொற்களை வைத்து ஒரு வாரம் விளையாடினால் போதும்.

முப்பதில் 27 சரி என்றால் நூற்றுக்கு 90. அவள் எடுத்துக்கொண்ட நேரம் 50 நொடி. அதாவது சரியாக வாசித்தவை நிமிடத்துக்கு ஏறத்தாழ 32 சொற்கள். 2021இல் ஒன்றிய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்களையும், மூன்றாம் வகுப்பு முடிவில் குறைந்தது 60 சொற்களையும் இலக்காகச் சொல்கிறது. இந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம் என்பது என் கருத்து. இந்தியில் வேற்றுமை உருபு தனிச்சொல்லாக நிற்கும். தமிழில் 'ஊரிலிருந்து' என்று ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிடும். ஆகவே பிற மொழிக் குழந்தையின் சொற்கணக்கோடு நம் குழந்தையை ஒப்பிடுவது பொருந்தாது. அவளுடைய இன்றைய வேகத்தை அவளுடைய ஆறு வாரத்துக்கு முந்தைய வேகத்தோடு ஒப்பிடுங்கள்.

படி 5: தாளைத் திருப்பிவைத்துவிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள்

முதல் கேள்விக்கு விடை பத்தியிலேயே இருக்க வேண்டும்: கமலா தண்ணீரில் எதை விட்டாள்? இரண்டாவது கேள்வி பத்தியில் எழுதப்படாததைக் கேட்க வேண்டும்: படகு ஏன் கவிழ்ந்தது? மூன்றாவது ஒரு சொல்லைப் பற்றியதாக இருக்கலாம்: தேங்கி நிற்பது என்றால் என்ன? விடை பேச்சுத்தமிழில் வந்தாலும், வீட்டுமொழி தெலுங்கோ கன்னடமோ இந்தியோ என்றால் அந்த மொழியில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தச் சிறுமி இரண்டாவது கேள்விக்கு, "தவள வெயிட்டு தாங்கல, டீச்சர்" என்றாள். முழு மதிப்பும் கொடுத்தேன். மாறாக, ஒரு சொல்லும் பிசகாமல் வாசித்துவிட்டு மூன்று கேள்விக்கும் விழிக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களைத்தான் நாம் பெரும்பாலும் 'நன்றாகப் படிப்பவர்' பட்டியலில் சேர்த்துவிடுகிறோம்.

படி 6: எழுத்துக்கு இரண்டு சோதனைகள்

முதலாவது, சொல்வது எழுதுதல். நான் பத்துச் சொற்கள் சொல்வேன்: பட்டம், தென்னை, அப்பா, பந்து, சங்கு, பள்ளி, மழை, கிணறு, மரம், வாழை. ஒவ்வொன்றையும் தனியாகச் சொல்லி, பிறகு ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லி, மறுபடியும் தனியாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 'பள்ளி' என்று நீங்கள் சொன்னதைச் சுவரிலிருக்கும் 'பல்லி' என்று குழந்தை எழுதுவதில் தவறேதும் இல்லை. அதேபோல ழகரத்தை நாக்கை மடித்து இழுத்து, ஒற்றெழுத்தை அழுத்தி, விடையைக் காட்டிக்கொடுக்கவும் கூடாது.

இரண்டு குழந்தைகள் பத்துக்கு ஐந்து வாங்கினார்கள் என்று வையுங்கள். முதல் குழந்தை படம், தெனை, அபா, பது, சகு என்று எழுதியிருக்கிறது. இரண்டாவது குழந்தை பல்லி, மளை, கினரு, மறம், வாளை என்று எழுதியிருக்கிறது. மதிப்பெண் ஒன்று; நோய் வேறு. முதல் குழந்தைக்குச் சொல்லின் நடுவே வரும் மெய்யொலி காதில் தனித்து விழவில்லை. கைதட்டி ஒலிகளைப் பிரித்துச் சொல்லும் பயிற்சி தேவை. இரண்டாவது குழந்தை ஒலிகளை எல்லாம் பிடித்துவிட்டது. அதன் ஊர்ப்பேச்சில் ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் இல்லாததால் எந்த எழுத்து என்று தெரியவில்லை, அவ்வளவே. அதற்குப் பரிகாரம் நூறு முறை இம்போசிஷன் எழுதவைப்பது அல்ல, நிறைய வாசிக்கவைத்துச் சொல்லின் உருவத்தைக் கண்ணில் பதியவைப்பது. சிவப்பு மையில் வெறும் 5/10 என்று போட்டிருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே வீட்டுப்பாடம்தான் போயிருக்கும்.

இரண்டாவது, சொந்தமாக எழுதுதல். 'நேற்று எங்கள் வீட்டில்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். ஒரு சொல்லை எப்படி எழுதுவது என்று கேட்டால், "தெரிஞ்ச மாதிரி எழுது" என்று மட்டும் சொல்லுங்கள். 'நேத்து எங்க ஆடு குட்டி போட்டுச்சு அதுக்கு நிக்க முடில எங்க தாத்தா துடச்சு விட்டாங்க' என்று ஒரு பையன் எழுதினான். முற்றுப்புள்ளி இல்லை, எழுத்துநடை இல்லை. ஆனால் நிகழ்ச்சி வரிசையாக வந்திருக்கிறது, பேசும் ஒலியை எழுத்தாக்கத் தெரிந்திருக்கிறது. என் குறிப்பேட்டில் முதலில் இவற்றை எழுதினேன். அடுத்த இலக்காக முற்றுப்புள்ளி ஒன்றை மட்டுமே வைத்தேன். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திருத்தினால் அடுத்த முறை அவன் இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்வான்.

படி 7: பதிவு செய்து, குழு பிரித்து, மீண்டும் கேளுங்கள்

ஒரு குழந்தைக்கு ஒரு அட்டைக் கோப்பு. அதில் தேதியிட்ட வாசிப்புக் குறிப்பு, சொல்வது எழுதிய தாள், சொந்த எழுத்து ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி சேருங்கள்: 'நீண்ட சொல்லை ஊகிக்கிறாள், கதை புரிகிறது.' அந்த வரிகளை வைத்துக் குழுக்களைப் பிரியுங்கள். மெல்லக் கற்போர் என்று எல்லாரையும் ஒரே பாயில் உட்காரவைக்காமல், ஒற்று விடுபவர்களை ஒரு பக்கமும் கொம்பு தடுமாறுபவர்களை ஒரு பக்கமும் வையுங்கள். ஆறு வாரம் கழித்து, அதே அளவுள்ள வேறொரு பத்தியோடு மறுபடியும் தொடங்குங்கள். பழைய பத்தி குழந்தைகளிடையே அதற்குள் பரவியிருக்கும்.

பெற்றோர் வரும் நாளில் மதிப்பெண் பட்டியலுக்கு முன்பாக இந்தக் கோப்பைத் திறந்து, ஜூலைத் தாளையும் டிசம்பர்த் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆட்டுக்குட்டி எழுதிய பையனின் தாய் எழுதப் படிக்கத் தெரியாதவர். இரண்டு தாள்களையும் சிறிது நேரம் பார்த்துவிட்டு, புதிய தாளிலிருந்த புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது என்னங்க டீச்சர், அங்கங்க வச்சிருக்கான்?" என்று கேட்டார்.